வாய் திறக்காத சாட்சியம்

நாங்கள் கடல் கடந்து வந்து குடியேறிய வெரிபீயில் இருக்கும் எங்கள் துணிக்கடைக்கு வந்த கமலினி ஒரு சேலையையும் தொட்டுப் பார்க்கவில்லை. வியாபாரியின் கண்ணுக்கு அதுவே கெட்ட சகுனம். நேராக என் அக்காவிடம், ராத்தாவிடம், போனாள்.

"ஆசியா அன்ரி, நீங்கள் முந்தி அந்த முதியோர் இல்லத்துக் குசினியில வேலை செய்தனீங்களாம். நான் இப்ப அங்கதான். பரிமாறுற இடத்தில நிண்ட என்னைப் பின்னுக்குக் கோப்பை கழுவ விட்டிட்டினம். பொட்டு இல்லாமல் வந்தால் யோசிக்கலாமாம். உங்களுக்கும் இப்பிடித்தானோ நடந்தது?"

ராத்தா கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார். முன்பு ஊரில், புறக்கோட்டைக் கடைத்தெருவில் எங்கள் தகப்பன், வாப்பாவின் கடையில், சரக்கைக் குறை சொல்லிவிட்டுப் படியிறங்கிய ஆளைத் திரும்பக் கூப்பிட்டு இரட்டிப்பாக வாங்க வைத்த வாய் அது. இன்று ஒப்புக்கொண்டு ஓர் 'ஓம்' சொல்ல முடியாமல் நின்றது.

"வியாழக்கிழமை கவுன்சில் மண்டபத்துக்கு வாங்க மகள்," என்று மட்டும் சொன்னார்.

ராத்தாவுக்கு நடந்ததை நான் சொல்லலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர், நான் இல்லை. அவருடைய முக்காடு அங்கே சாப்பிட வருபவர்களுக்குச் 'சங்கடமாக' இருக்கிறது என்று அவரையும் பின்கட்டுக்குத் தள்ளினார்கள். சம உரிமை ஆணையத்தில் முறையிட்டார். ஆணையமோ இரண்டு தரப்பையும் ஒரு மேசையில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும். அதற்கு மேல் அதன் கை நீளாது, சட்டம் அப்படி. இல்லத்தின் வக்கீல் ஒரு மன்னிப்புக் கடிதமும் நஷ்டஈடும் தந்தார். கடைசியில் ஒரு வரி: நடந்ததை ஒருவரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வழக்கையும் சந்திக்க வேண்டும். ராத்தா அப்போது களைத்துப்போயிருந்தார். கையெழுத்தைப் போட்டார்.

பேரம் என்றால் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் பேரம் தெரு கேட்கத்தான் நடக்கும். இந்தக் கடையில் வாங்கிய அடியும் பிடித்த விலையும் அடுத்த கடைக்குப் போகிறவனுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் கடைக்காரன் கொஞ்சமாவது ஒழுங்காக இருப்பான். கதவைச் சாத்திக்கொண்டு செய்த பேரத்தில் அடுத்தவள் அதே விலைக்குத்தான் ஏமாறுவாள். அந்த அடுத்தவள்தான் பொட்டோடு எங்கள் கடைக்கு வந்து நின்றாள்.

இப்போது அந்த ஆணையத்தின் சட்டத்தைப் புதுப்பிக்கப் போகிறார்களாம். யாரும் முறையிடாமலே ஆணையம் தானாக விசாரிக்கலாமா, இப்படி வாயைப் பூட்டும் ஒப்பந்தங்கள் செல்லுமா என்று ஊர் ஊராக மக்களைக் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கு வியாழக்கிழமை.

"ராத்தா, நீங்க பேசப் பேர் குடுத்திருக்கீங்களா? வாய் திறந்தா அவ்வளவுதான். நான் பேசறன்."

"நீ பேசினா ஆணையத்துக்கே சேலை வித்துட்டு வருவா. சும்மா இரு."

"அப்ப எதுக்குப் போறீங்க?"

"எனக்குப் பேசத்தான் ஏலா. குந்தி இருக்க ஏலும்தானே?"

மண்டபத்தில் நல்ல கூட்டம். கமலினி முன்வரிசை ஓரத்தில் இருந்தாள்; அவளும் பெயர் கொடுத்திருந்தாள். கடைசி வரிசையில், மடியில் குறிப்புப் புத்தகத்தோடு, முதியோர் இல்லத்தின் மேலாளர். ராத்தாவைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். மேடையில் மூன்று பேர் கொண்ட குழு. அவர்களுக்கு முன்னால் பேசுபவர்கள் உட்கார இரண்டு கதிரை, ஒரு மைக். பக்கத்தில் பெரிய திரை. பேசுவது எல்லாம் உடனுக்குடன் எழுத்தாகி அதில் ஓடியது. ஒருவர் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசினார்; ஒருவர் சக்கர நாற்காலி ஏறாத பஸ்ஸைப் பற்றி. சொற்கள் மேலே மேலே போய் மறைந்தன.

ராத்தாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நல்ல கறுப்புப் பட்டு முக்காடு, பெருநாளுக்குக் கட்டுவது. போய் உட்கார்ந்தார். மொழிபெயர்க்க வந்திருந்த துஷாந்த் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கதிரைக்குப் பின்னால் நின்று அவர் பக்கம் குனிந்தான். பேசும் நேரத்தைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது.

ராத்தா பேசவில்லை.

குழுத் தலைவி, நரைத்த தலையும் கனிந்த குரலுமான வெள்ளைக்காரப் பெண், "அவசரமில்லை, ஆறுதலாகச் சொல்லுங்கள்," என்றார். துஷாந்த் அதைத் தமிழில் சொன்னான். ராத்தா தலையசைத்தார். திரையில் ஓடிய எழுத்துகள் நின்றன. வெள்ளைத் திரையில் ஒரு சிறு கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்தது.

"அவர் ஏதாவது சொன்னாரா?" என்று தலைவி கேட்டார்.

"இன்னும் இல்லை," என்றான் துஷாந்த். அவன் காது சிவந்திருந்தது.

யாரோ இருமினார்கள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மேலாளர் பேனாவைத் தாளில் ஊன்றியபடி இருந்தார். எழுத ஒரு சொல் கிடைக்கவில்லை பாவம். வாய் திறக்காததற்கு எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது? எனக்குச் சிரிப்பு வந்தது. ராத்தா குழுவின் கண்களைவிட்டுத் தன் கண்களை எடுக்கவே இல்லை. தராசுத் தட்டு நிற்கும்வரை வாப்பா அப்படித்தான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தலைவிக்கு அது எப்போது புரிந்தது என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மெதுவாகக் கேட்டார்: "உங்களால் பேச முடியாதா, அல்லது பேசக் கூடாதா?"

துஷாந்த் மொழிபெயர்த்தான். ராத்தா முக்காட்டின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டு இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மண்டபத்தில் எவரும் கதிரையை அசைக்கவில்லை. மஞ்சள் எரிந்தது. பிறகு சிவப்பு.

நேரம் முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. தலைவி தாளைப் பார்த்து அடுத்த பெயரைப் படித்தார்.

கமலினி எழும்பினாள். பின்வரிசையில் மேலாளரும் பாதி எழும்பினார், பிறகு உட்கார்ந்தார். அவள் இதுவரை எதிலும் கையெழுத்துப் போட்டவள் இல்லை. நெற்றியில் அன்றைக்குச் சற்றுப் பெரிய பொட்டு. மற்றக் கதிரையில் போய் அமர்ந்தாள்.

ராத்தா இடத்தை விட்டு எழும்பவில்லை. கையை நீட்டி மைக்கை மட்டும் அவள் பக்கம் திருப்பிவிட்டார். பச்சை எரிந்தது. வெள்ளைத் திரையில் அந்தச் சிறு கோடு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.