விழாத லிஃப்ட்

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை ஒருவர் மூன்று முறைதான் எழுதலாம். இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தேன். படிக்காமல் அல்ல, எதிர்வாதம் செய்யும் புத்தியால். ஒன்பது வருஷமாக நான் லிஃப்ட் மெக்கானிக். யாராவது தப்பாகப் பேசினால் எனக்குப் பொறுக்காது.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்தது அண்ணி. பள்ளியில் கணக்கு டீச்சர். என் தவறான விடைகளுக்கென்றே தனி நோட்டு போட்டார். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த விடை எனக்கு ஏன் பிடித்தது என்று நானே எழுத வேண்டும். நாற்பது கேள்வி தாண்டியதும் குட்டு வெளிப்பட்டது. 'எல்லா ஓட்டுநர்களும் காபி குடிப்பார்கள்' என்று கேள்வித்தாள் சொன்னால், என் மாமாவும் ஓட்டுநர்தான், காபியைத் தொடவே மாட்டாரே என்று அதோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

"அதுல இருக்கறத அப்படியே நம்பு. உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் வாசல்லயே கழட்டி வெச்சுட்டுப் போ," என்றார் அண்ணி.

வீட்டிலேயே பயிற்சி நடந்தது. சாப்பிடும்போது அண்ணன், யானை பறக்கும் என்பான். பறந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டும். முறைத்தால் பாத்திரம் கழுவ வேண்டும். முதல் வாரம் முழுக்க நான்தான் கழுவினேன். மூன்றாம் மாதம் மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் ஏற ஏற, எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தேர்வில் பதினேழாவது கேள்வி: 'கயிறு அறுந்தால் லிஃப்ட் விழும். இந்த லிஃப்டின் கயிறு அறுந்துவிட்டது. ஆகவே?'

எனக்கு ரத்தம் கொதித்தது. விழவே விழாது. லிஃப்ட் ஏறி இறங்கும் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் பிரேக் கவ்விக்கொள்ளும். அந்த பிரேக்கை எத்தனை முறை இந்தக் கையால் மாட்டியிருக்கிறேன்! நான்காவது விடை அதையேதான் சொன்னது: 'பிரேக் பிடிப்பதால் விழாது.' பேனா அதன் பக்கமே போனது. யானையை நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, 'விழும்' என்று குறித்தேன். அதற்குப் பிறகு கேள்விகள் மளமளவென்று ஓடின. வெளியே வந்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

இடம் கிடைத்தது. அண்ணன் ஒரு வாரம் பாத்திரம் கழுவுவதாக வாக்குக் கொடுத்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சூட்டோடு தேர்வு நடத்தியவர்களுக்கு, லிஃப்ட் ஏன் விழாது என்று இரண்டு பக்கம் கடிதம் எழுதினேன்.

அண்ணி வாங்கிப் படித்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"மூணாவது பக்கமும் எழுது. இனிமே சண்டை போடறதுதானே உன் படிப்பு," என்றார்.