முன்கையின் பின்புறம்

கோர்ட்டில் பண்ணையார் நாச்சிமுத்துவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கொலை செய்தவருக்கு நாற்காலி! பாவாயி அந்த நாற்காலியையே முறைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டு மடையைத் திறந்த அவள் புருஷன் மாதையனை எதிரே நின்று மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கொன்றவர் அவர்தான். பனையிலிருந்து மல்லாக்க விழுந்து செத்தான் என்று இப்போது கதை கட்டுகிறார். பார்த்தவள் பாவாயி ஒருத்திதான். பெண்டாட்டி சொல்வதெல்லாம் ஒரு சாட்சியா என்று அவருடைய வக்கீல் காலையிலேயே ஊதித் தள்ளிவிட்டார்.

மாதையனின் பிணத்தை அறுத்துப் பார்த்த சேலத்து டாக்டர் கூண்டில் ஏறினார். மண்டையில் பின்புறம் ஒரு காயம், இரண்டு முன்கைகளிலும் பின்புறம் எலும்பு முறிவு என்றார்.

“எல்லாமே பின்புறம்!” வக்கீல் துள்ளினார். “எதிர்ல நின்னு அடிச்சா காயம் பின்னாலயா படும்?”

“உடம்பை ஒரே நிலையில வெச்சுத்தான் நாங்க முன், பின் சொல்றது. நிமிர்ந்து நின்னு, கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கை முன்னால தெரியணும். அந்த ஆள் அப்ப கையை எப்படி வெச்சிருந்தான்கிறது...”

“கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க, போதும்.” வக்கீல் கோர்ட் சேவகனைக் கூப்பிட்டு அதேபோல் நிறுத்திக் காட்டினார். உள்ளங்கைகளை விரித்துக்கொண்டு அவன் அசடாக நின்றான். நீதிபதி தலையாட்டினார்.

பாவாயிக்கு ரத்தம் கொதித்தது. நிமிர்ந்தா? மாதையனா? ஆயுசு முழுக்கப் பண்ணையார் வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கி, கையைக் கட்டி, கூனித்தானே நின்றான்! செத்த பிறகு இவர்கள் எழுத்தில் மட்டும் நிமிர்த்தி வைக்கிறார்களாம். பாழாய்ப்போன எழுத்து.

“பொய்யிங்க!” என்று எழுந்தாள். “அடி உழுகறப்ப எவனுங்க தலையக் குனியாம, உள்ளங்கையக் காட்டிக்கிட்டு நிப்பான்? எங்கூட்டுக்காரரு அப்படியா நின்னாரு?”

“உக்காரு புள்ள!” என்று ஒரு போலீஸ்காரன் பாய்ந்து வந்தான். அவள் அவனைத் தள்ளிவிட்டு நேரே நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஏனுங்க பண்ணாடி, நீங்களே சொல்லுங்க. எங்கீங்க உழுந்துச்சு அடி?”

கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவா, காட்டவா என்று அவளுக்கே தெரியாது.

நாச்சிமுத்து நாற்காலியோடு பின்னுக்குச் சாய்ந்தார். அவருடைய இரண்டு கைகளும் தாமாக எழுந்து முகத்தை மறைத்தன. உள்ளங்கைகள் அவர் பக்கம் இருந்தன. கோர்ட்டைப் பார்த்து, முன்கையின் பின்புறத்தில், அவருடைய தங்கக் கைக்கடிகாரம் மின்னிக்கொண்டிருந்தது.