ஆடிய விளக்குப் பெட்டி

போர்க்கப்பலின் மேல்தளத்தில் இடது ஓரமாக நின்று விமானங்களை இறக்கிவிடுவதுதான் சிக்னல் அதிகாரியின் வேலை. பக்கத்திலேயே விளக்குப் பெட்டி. நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு, இருபுறமும் பச்சை வரிசை. இறங்கி வரும் விமானிக்கு மஞ்சள் பச்சைக்கு நேராகத் தெரிந்தால் உயரம் சரி. கீழே தெரிந்தால் ஆள் தாழ்வாக வருகிறான் என்று பொருள். கப்பல் என்ன ஆட்டம் போட்டாலும் ஒளி மட்டும் ஆடாதபடி பெட்டி தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

அன்று மதியம் கடல் பொங்கியது. ஒன்றைத் தவிர எல்லா விமானங்களும் இறங்கிவிட்டன. அதை ஓட்டி வந்தவன் அதிகாரியின் தங்கை கணவன். "கடல்ல போய் இறங்குறவனுக்கு என் தங்கச்சியக் குடுக்க மாட்டேன்" என்று வீட்டில் குதித்தவர் இவர். தங்கை பிடிவாதமாக அவனையே கட்டிக்கொண்டாள். ஒரே கப்பலில் இருந்தும், வேலை விஷயம் தவிர இருவருக்கும் பேச்சே கிடையாது.

"மஞ்சள் நேரா இருக்கு" என்றது ரேடியோ.

அவருடைய கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. விமானம் தாழ்ந்துகொண்டே வந்தது. சட்டென்று பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கப்பலோடு சேர்ந்து அதுவும் ஆடிக்கொண்டிருந்தது! கப்பலின் மூக்கு எழும்பும்போதெல்லாம் ஒளி தாழ்ந்து விமானத்தையும் கீழே இழுத்தது. அடுத்த அலையில், விமானம் வரும் பின்பக்கம் எழும்பினால் நேராக மோதல்தான். கையிலிருந்த பொத்தானை அமுக்கினார். 'இறங்காதே' என்று பெட்டியில் சிவப்பு விளக்குகள் பளிச்சிட, விமானம் உறுமிக்கொண்டு தலைக்கு மேலே பறந்தது.

"ஏன் துரத்துறீங்க? நேராத்தான வந்தேன்!"

"பெட்டி கெட்டுப்போச்சு. பொய் காட்டுது."

"டேங்க்ல இன்னொரு சுத்துக்குத்தான் இருக்கு."

கரையோ எட்டாத தூரம். பெட்டிக்குப் பின்னால் மண்டியிட்டிருந்த எலக்ட்ரீஷியன் கையை விரித்தான். "இப்போதைக்கு ஆகாது சார்."

"அணைச்சிடு."

"அணைச்சா அவர் எதப் பாத்து வருவாரு?"

"பாக்க வேணாம். நான் சொல்றேன்."

சொல்லிவிட்டார்தான். முகம் கொடுத்துப் பேசாத ஆளின் குரலை நம்பி எவன் உயிரை வைப்பான்?

"மாப்பிள," என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. "விளக்கு இருக்காது. நான் சொல்றத மட்டும் கேளு."

"சொல்லுங்க மச்சான்."

"தாழ்வா வர்ற, கொஞ்சம் ஏத்து. போதும். அப்படியே வா. தளம் எழும்புது, அதப் பாக்காத... இறங்கிடும்... வா, வா... பவர் குடு! குடுடா!"

விமானத்தின் வால் கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டியிருந்த தடுப்புக் கம்பிகளில் முதலாவதைத் தாண்டியது. அடுத்ததையும் தாண்டியது. கடைசிக் கம்பியில் மாட்டி, விமானம் வெடுக்கென்று நின்றது.

அதிகாரி ஓடினார். கீழே இறங்கி நின்ற விமானிக்கு ஹெல்மெட் வாரைக் கழற்ற வரவில்லை. விரல்கள் அப்படி உதறின. இவர் கையை நீட்டினார்.

"நடுங்காத மாதிரி நில்லு. எல்லாரும் பாக்குறாங்க."

"உங்க கையும்தான் நடுங்குது மச்சான்."

"தெரியும். வாய மூடிட்டு நில்லு" என்றார், வாரோடு மல்லுக்கட்டியபடியே.