அங்கம்மாளுக்கு வந்த உதவித்தொகை

வாசலில் நின்ற ஆளைப் பார்த்ததும் சாரதாமணி ஓரடி பின்வாங்கினாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மூக்கு வரை ஏற்றி மாட்டிய நீல முகக்கவசம். அதற்கு மேலே இருந்தவை அங்கம்மாளின் கண்கள். இமை கனத்து, ஓரம் சற்றே கீழே இறங்கிய அதே கண்கள்.

அங்கம்மாள் போன வைகாசியில் செத்துப்போனாள். இப்போது தை.

"சாரதாமணிங்கறது..." என்று அவர் இழுத்தார்.

"நாந்தானுங்க. நீங்க யாருங்க?"

அவர் சந்தின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்குப் பின்னால், ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் உள்ள சந்து அது. எதிரே ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கம்மாளுக்கு வேண்டப்பட்டவன்" என்றார்.

"வேண்டப்பட்டவங்கன்னா?"

"ஒறம்பரை, சொந்தக்காரன். அவ்வளவுதானுங்க."

சாரதாமணிக்குப் புரிந்துவிட்டது. பரமத்திக்குப் பக்கத்தில் தோட்டமும் கிணறும் உள்ள வேலுமணி, அங்கம்மாளுக்கு நேர் மூத்தவர். அங்கம்மாள் வாய்க்கு வாய் "எங்கண்ணன், எங்கண்ணன்" என்று சொல்லிச் சொல்லி, அவர் நடையும் கோபமும்கூட சாரதாமணிக்குப் பாடம். குரலை மட்டும் ஒரே ஒரு முறை போனில் கேட்டிருக்கிறாள்.

"உள்ள வாங்க."

"பரவாயில்லீங்க." அவர் செருப்பைக் கழற்றவில்லை. "சேலத்துல ஒரு டிரஸ்ட்டுல இருந்து எங்கூட்டுப் புள்ளைக்குக் கடுதாசி வந்துச்சு. அங்கம்மா பேர்ல ஏதோ உதவித்தொகை சாங்சன் ஆயிருக்குதாம். கூட இருந்தவங்க ஒருத்தரு சாட்சிக் கையெழுத்துப் போடோணுமாம். உங்க பேரச் சொன்னாங்க. இங்கயே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா எல்லாருக்கும் அலைச்சல் மிச்சம்."

சாரதாமணி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல், தரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கம்மாள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

"நானே சேலம் வந்து போட்டுத் தாரேனுங்க" என்றாள். "அங்கம்மா மக தனப்பிரியாவையும் கூட்டிட்டு வாங்க."

"அவ எதுக்குங்க?"

"அவ பேருக்குத்தான கடுதாசி வந்துது?"

அவர் திரும்பி நடந்தார். சந்து முனையில் அவர் வண்டி கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் சாரதாமணி உட்கார்ந்தாள்.

அங்கம்மாள் பக்கத்து வீட்டில் குடியிருந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே தொழில். தரகர் கிடையாது, விடுதி கிடையாது. பழகிய லாரி டிரைவர்கள், ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டிக்காரர்கள் போன் செய்வார்கள். இவர்கள் இஷ்டமிருந்தால் வரச் சொல்வார்கள், இல்லாவிட்டால் முடியாது என்பார்கள். யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை என்பதில் அங்கம்மாளுக்குத் தனிப் பெருமை.

அவள் கதையைச் சாரதாமணி பல இரவுகள் கேட்டிருக்கிறாள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் செத்ததும் கைப்பிள்ளையோடு துரத்திவிட்டார்கள். அண்ணன் வீட்டில் மாட்டுக்கொட்டகையோரம் இரண்டு வருஷம் இருந்தாள். ஒரு டிரைவரை நம்பி வெளியே போனாள். அவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அண்ணன் படலைத் திறக்கவில்லை. பிள்ளையை மட்டும் வைத்துக்கொள்கிறோம், நீ இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்றார். ஊருக்கு அவள் பொள்ளாச்சியில் லாரி மோதிச் செத்துப்போனதாகச் சொல்லி, ஒரு கருமாதியும் செய்து, ரேஷன் அட்டையிலிருந்து பேரையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் மாதம் தவறாமல் அவள் அனுப்பிய பணத்தை மட்டும் யாரும் திருப்பி அனுப்பவில்லை.

பிள்ளைக்கு மட்டும் அம்மா உயிரோடு இருக்கும் விஷயம் கசிந்திருந்தது. அம்மா திருப்பூர்க் கம்பெனியில் இருக்கிறாள், வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். மாதத்துக்கு ஒரு முறை மகள் அத்தைக்காரியின் போனில் ஐந்து நிமிஷம் பேசுவாள். அன்று முழுக்க அங்கம்மாள் யாருடைய போனையும் எடுக்கமாட்டாள்.

ஊரடங்கு வந்ததும் லாரிகள் நின்றன. கட்டடம் கட்டுகிறவருக்கு வாரியம் இருந்தது. ஆட்டோ ஓட்டுகிறவருக்குச் சங்கம் இருந்தது. இவர்கள் எந்த வரிசையில் போய் நின்று, என்ன தொழில் என்று சொல்வது? ரேஷன் கடையில் எல்லோருக்கும் இலவச அரிசி என்றார்கள். செத்துப்போனவளுக்கு ஏது அட்டை?

அப்போதுதான் சேலத்திலிருந்து ஷஹர்பானு வந்தாள். அவளும் ஒரு காலத்தில் இதே தொழிலில் இருந்தவள். இந்தப் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கம் நடத்திக்கொண்டிருந்தாள். வருமானம் போனவர்களுக்கு ஒரு டிரஸ்ட் உதவித்தொகை தரப்போகிறது, பேரைப் பதிந்துகொள்ளலாம் என்றாள். சந்தில் பல பேர் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர் பொய்ப்பேர் கொடுத்தார்கள். அங்கம்மாள்தான் தலை சீவி, பொட்டு வைத்து, முகக்கவசத்தைக் கழற்றி போட்டோவுக்கு நின்றாள். சொந்தப் பேர், சொந்த ஊர், பிள்ளையின் பேர் எல்லாம் சொன்னாள்.

"எதுக்குடி இதெல்லாம் சொல்ற?" என்று சாரதாமணி கேட்டாள்.

"எங்கயாச்சும் ஒரு எடத்துல நான் உசுரோட இருக்கறதா எழுதியிருக்கட்டுமே அக்கா" என்றாள் அவள்.

உதவித்தொகை அந்த வருஷம் வரவில்லை. அடுத்த அலை வந்தது. அங்கம்மாளுக்கு ஏற்கெனவே சர்க்கரை. மாத்திரை வாங்க வழியில்லாமல் பாதி பாதியாக உடைத்துப் போட்டாள். அடுப்பு ஒன்றாயிற்று, சாரதாமணி வடித்த கஞ்சியை இருவரும் குடித்தார்கள். காய்ச்சல் வந்து மூச்சுத் திணறியபோது, ஆம்புலன்சில் அவளே நடந்துபோய் ஏறினாள். "கதவப் பூட்டிச் சாவிய வெச்சுக்கோ" என்றாள். சாரதாமணி அவளைப் பார்த்தது அதுதான் கடைசி.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, "நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்கள். பக்கத்து வீடு என்றாள். ரத்த உறவு வேண்டும் என்றார்கள். சாரதாமணி அழுதுகொண்டே பரமத்திக்குப் போன் செய்தாள். எடுத்தவர் வேலுமணி. கேட்டுவிட்டு, "நீங்க நம்பர் மாத்திப் போட்டுட்டீங்க. எங்கூட்ல அப்பிடி யாருமில்லீங்க" என்று வைத்துவிட்டார்.

உடலை ஆஸ்பத்திரிக்காரர்களே எரித்துவிட்டார்கள். முகம் பார்க்க விடவில்லை.

முகம் பார்க்காததால்தானோ என்னவோ, அங்கம்மாள் போகவில்லை. முகக்கவசம் போட்ட பெண்கள் எல்லாருமே அங்கம்மாளாக இருந்தார்கள். மருந்துக்கடையில் முன்னால் நிற்பவள் திரும்புவாள், அங்கம்மாள். பஸ்சில் ஜன்னலோரம் ஒருத்தி, அங்கம்மாள். சாரதாமணி கிட்டே போய் உற்றுப் பார்ப்பாள். அந்தப் பெண் பயந்து நகர்ந்துகொள்வாள். சில நாட்களில் பூட்டிய வீட்டுக்குள் வளையல் சத்தம் கேட்கும். சாவியை எடுத்துப்போய்த் திறப்பாள். வெறும் பாய்தான் சுருட்டி வைத்தபடி இருக்கும். ஆனாலும் சோறு வடிக்கும்போது கை தானாக இரண்டு பேருக்கு அரிசி அள்ளியது.

டிரஸ்ட் அலுவலகம் அஸ்தம்பட்டியில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இருந்தது. சாரதாமணி படியேறிப் போனபோது ஷஹர்பானு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே நாற்காலியின் நுனியில் வேலுமணி உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண். முகக்கவசத்துக்கு மேலே அந்தக் கண்கள் இவளை நிமிர்ந்து பார்த்தன. சாரதாமணி ஷஹர்பானுவின் கையை இறுகப் பிடித்தாள்.

"இவதான் தனப்பிரியா" என்றாள் ஷஹர்பானு மெல்ல.

மேசைக்குப் பின்னால் இருந்த அன்பரசு இளம் வயதுக்காரன். "தாமதத்துக்கு மன்னிச்சுக்கங்க. நிதி வந்து சேர்றதுக்கே இவ்வளவு நாள் ஆயிருச்சு" என்றான். "ஆஸ்பத்திரி ரெக்கார்டுல உறவினர் யாரும் இல்லைன்னு போட்டிருக்கு. அதனாலதான் ரத்த உறவுல ஒருத்தர் உறுதிமொழி தரணும். சார், நீங்க இறந்தவங்களுக்கு என்ன உறவு?"

"வேண்டப்பட்டவங்க."

"அப்படிப் போட முடியாதுங்க சார்."

வேலுமணி மூடியிருந்த கதவைப் பார்த்தார். பேனாவை வாங்கி, குனிந்து, கையால் மறைத்துக்கொண்டு எதையோ எழுதினார். அன்பரசு தாளை சாரதாமணி பக்கம் நகர்த்தினான்.

சாரதாமணி பேனாவைத் தொடவில்லை.

"நான் போடறேனுங்க. அதுக்கு முன்னால இவரு வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். அங்கம்மா இவருக்கு யாருன்னு."

"அதான் எழுதியாச்சில்லீங்க" என்றார் வேலுமணி.

"எழுதுனது எனக்குப் படிக்கத் தெரியாதுங்க." அவள் எட்டாவது வரை படித்தவள். ஷஹர்பானுவுக்கு அது தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை.

"இந்த மாதிரி பொம்பளைங்க முன்னாடி நான் எதுக்குங்க..." என்று எழுந்தார் வேலுமணி.

"அந்தப் பொம்பளைக்கு வந்த காசத்தான வாங்க வந்திருக்கறீங்க?" சாரதாமணியின் குரல் உயரவில்லை. "மாசாமாசம் வாங்குனீங்க. அது எந்தக் காசுன்னு உங்களுக்குத் தெரியாமயா இருந்துச்சு? ஆஸ்பத்திரில மூட்டையாக் கட்டி வெச்சிருந்தாங்க. ஒரு வார்த்தை, என் தங்கச்சின்னு நீங்க சொல்லியிருந்தா முகத்தையாச்சும் பாத்திருப்பனுங்க."

வேலுமணி தனப்பிரியாவைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி" என்றார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "கூடப் பொறந்த தங்கச்சி. போதுமா?"

சாரதாமணி கையெழுத்துப் போட்டாள். நெஞ்சில் எதுவும் இறங்கவில்லை. ஒரு மனுஷி உயிரோடு இருக்கும்வரை ஏங்கிக் கிடந்த சொல், பணம் வாங்குவதற்காக இப்போது மேசைமேல் வந்து விழுந்திருந்தது.

வேலுமணி பையிலிருந்து தன் பாஸ்புத்தகத்தை எடுத்து நீட்டினார். அன்பரசு அதை வாங்கவில்லை.

"பதிவு பண்ணப்ப இவங்க மைனர். இப்ப பதினெட்டு முடிஞ்சிருச்சு சார். பணம் இவங்க கணக்குக்குத்தான் போகும்."

"அவளுக்கு என்னங்க தெரியும்? நாந்தான வளத்தினேன்!"

"எங்கம்மா அனுப்புன காசுல வளத்துனீங்க மாமா" என்றாள் தனப்பிரியா.

அவள் பேசியது அதுவே முதல் தடவை. "போன் வரலீன்னு நான் கேட்டப்பெல்லாம் 'உங்கம்மா நம்பர் மாத்தியிருப்பா'ன்னு சொன்னீங்க. கடுதாசில 'மறைந்த அங்கம்மாள்'னு படிச்சுத்தான் எனக்கே தெரியும். எட்டு மாசமா எங்கம்மா பேசுவாங்க, பேசுவாங்கன்னு காத்துக் கெடந்தேன்."

வேலுமணி பாஸ்புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய் நின்றார்.

தனப்பிரியா மேசைப்பக்கம் குனிந்தாள். "சார், எங்கம்மா போட்டோ ஏதாச்சும் இருக்குதுங்களா? எங்கூட்ல ஒண்ணுகூட இல்லீங்க. எல்லாத்தையும் கிழிச்சுட்டாங்க."

அன்பரசு கோப்பைத் திருப்பினான். அட்டையை ஒட்டிய பக்கத்தில் பாஸ்போர்ட் அளவில் அங்கம்மாள் இருந்தாள். படிய வாரிய தலை, பெரிய பொட்டு, லேசாகத் திறந்த உதடு. போட்டோ எடுக்கும் நேரத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தவள்போல. சாரதாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கம்மாளுக்கு முன்பல் கொஞ்சம் துருத்தியிருக்கும் என்பதையே அவள் மறந்து போயிருந்தாள்.

தனப்பிரியா தன் போனில் அதைப் படம் பிடித்தாள். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரோரம் போய் நின்று, இரண்டு கட்டைவிரலாலும் வேகவேகமாக எதையோ தட்டினாள்.

"என்ன பண்ற சாமி?" என்றாள் சாரதாமணி.

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். வாட்ஸாப் ஸ்டேட்டஸில், சொந்தக்காரர்கள், ஊர்க்காரர்கள், கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படியாக, அங்கம்மாளின் படம். கீழே எழுதியிருந்தாள்: 'எங்கம்மா அங்கம்மாள். லாரி மோதிச் சாகவில்லை. போன வைகாசியில் நாமக்கல் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.'

"ஊர்ல உன்னப் பேசுவாங்க கண்ணு" என்றாள் ஷஹர்பானு. "எதுக்கும் யோசிச்சுக்கோ."

"பேசட்டுமுங்க. எங்கம்மா பேரு ஊருக்குள்ள கேக்கட்டும்."

மூன்று பேரும் கீழே இறங்கினார்கள். ஏற்காடு ரோட்டில் வண்டிகள் நெருக்கியடித்துப் போய்க்கொண்டிருந்தன. வேலுமணி வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நின்றார். தனப்பிரியா ஏறுவாள் என்று பின்சீட்டைக் கையால் தட்டினார். அவள் சாரதாமணியின் பக்கத்திலேயே நின்றாள்.

"நான் அம்மா இருந்த ஊட்டப் பாத்துட்டு வாரேன் மாமா. அப்புறம் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிர்றேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பேரைப் பார்த்தவர் அப்படியே கையில் வைத்துக்கொண்டார். நின்றது. உடனே மறுபடி அடித்தது, வேறு யாரோ. அவர் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு மூச்சு வாங்கினார். பரமத்தியிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"எடுத்துப் பேசுங்க மாமா" என்றாள் தனப்பிரியா. "எங்கம்மா உங்களுக்கு யாருன்னு கேப்பாங்க. சொல்லுங்க."