மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

கிங்ஸ்டன் தேநீர் டம்ளரை விடுதியின் குட்டைச் சுவர்மேல் வைக்கப் போனான். சுவருக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே கையை விட்டுவிட்டான். டம்ளர் தரையில் விழுந்து நொறுங்கியது. "காத்து" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்த அமலன் தலையை நிமிர்த்தாமல் அதைப் பார்த்தான். காற்று அடித்தது உண்மைதான். ஆரியங்காவுக் கணவாய்க்குள் இரவெல்லாம் ஊளையிட்ட காற்று விடிந்த பின்னும் சாரலை வாரி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. ஆனால் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்குகிற காற்றா அது?

மலைகளைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பும் கடைசி நாள். மூன்று பேர்தான். தூத்துக்குடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தங்கதுரை அண்ணாச்சி, துறைமுகத்தில் சரக்குக் கப்பல்களுக்குக் காகித வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இருக்கிற அமலன், அமலனின் அக்கா ஸ்டெபியைக் கட்டப்போகிற கிங்ஸ்டன். கிங்ஸ்டன் கப்பலில் செகண்ட் ஆபீசர். அதைச் சொல்லித்தான் சம்பந்தமே பேசியிருந்தார்கள். அமலனை இந்தப் பயணத்துக்கு அனுப்பியது அம்மா ஆக்னஸ். கூடப் போய்ப் படுத்து எழுந்தால்தான் ஒரு மனுசன் எப்படி என்று தெரியும் என்றாள். சைக்கிளில் ஏறிய நாளிலிருந்தே அமலனுக்கு ஏதோ தெரிய ஆரம்பித்திருந்தது. என்ன தெரிந்தது என்பதில்தான் அவனுக்கு நிச்சயமில்லை.

இடது பக்கமிருந்து கூப்பிட்டால் கிங்ஸ்டன் முழு உடம்பையும் திருப்பிப் பார்த்தான். பாபநாசத்தில் அண்ணாச்சி இடது பக்கமாக நீட்டிய வாழைப்பழம் அவர் கையிலேயே வெகுநேரம் நின்றது. நேற்று கண்ணாடி முன்னால் நின்று இடது கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தான். கேட்டதற்குத் தூசி என்றான். இந்த மழையில் ஏது தூசி? கிறிஸ்துமசுக்குக் கப்பலை விட்டு இறங்கியவன், ஆனி முடியப்போகிறது, இன்னும் ஊரில்தான் இருக்கிறான். எப்போது ஏறுகிறீர்கள் என்று கேட்டால் கல்யாணம் முடியட்டும் என்கிறான். கண் பரிசோதனையில் தேறாதவனைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அமலன் தினமும் கப்பல்காரர்களோடு பழகுகிறவன், இது அவனுக்குத் தெரியும். அப்படியென்றால் இவன் இனிக் கப்பல் ஏறவே போவதில்லை.

ஒவ்வொன்றாக அடுக்கினால் கோபுரமாக நிற்கிறது. தனித்தனியாக எடுத்தால் ஒன்றுமே இல்லை. டம்ளர் யார் கையிலிருந்தும் விழும். தான் பார்க்க விரும்புவதைத்தான் பார்க்கிறோமோ என்ற சந்தேகம் அமலனுக்கு எப்போதும் உண்டு. ஆனால் நாளை ஞாயிறு. கோயில் பூசையில் மூன்றாவது கல்யாண ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கவும் என்று ஏற்கெனவே இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. நாளைக்குப் பிறகு யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. ஒரு கண் தெரியாதது தடையாகாது. அதை மறைத்தது தடையாகுமா? தெரியவில்லை. ஆனால் இன்று ராத்திரி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஓலை நின்றுவிடும். அந்த வார்த்தை பொய்யாகிப்போனால் அக்காவின் பெயர் ஊர்வாயில் நாறும்.

புறப்படும்போது கிங்ஸ்டன் உற்சாகமாகத்தான் இருந்தான். கணவாயைப் பார்த்து, "மேக்கேருந்து வார நம்ம கச்சான் காத்து இங்கனதான் பொறக்குதா? அங்க கடல்ல வந்து என்ன ஆட்டம் ஆடுது" என்றான். பிறகு அண்ணாச்சியிடம், "சட்ட பட்டன கழத்தி விடுங்க அண்ணாச்சி. பாய் விரிச்ச தோணியாட்டம் ஊரு போய்ச் சேந்துருவீக."

"ஏலே, என் வயிறே பாய்தாம்ல" என்றார் தங்கதுரை. சொன்னபடியே முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு வளைவில் இறங்கி மறைந்தார்.

வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவன்தான் பின்னால் வருகிறவனுக்குக் கண். பள்ளமோ கல்லோ இருந்தால் அந்தப் பக்கத்துக் கையைத் தாழ்த்திக் காட்ட வேண்டும். அண்ணாச்சி முதல் நாளே போட்ட சட்டம் அது. அவர் போய்விட்டதால் இப்போது அமலன் முன்னால், கிங்ஸ்டன் அவன் சக்கரத்தை ஒட்டிப் பின்னால். புளியரைக்கு இறங்கும் வளைவுகளில் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப்போயின. ஒரு வளைவு திரும்பியதும் இடது ஓரத்தில் ஜல்லி சிதறிக் கிடந்தது. சாலை வேலைக்காகக் கொட்டிய குவியல் சரிந்து பாதையின் கால்வாசியை மூடியிருந்தது.

அமலனின் இடது கை கைப்பிடியிலிருந்து லேசாகக் கிளம்பியது. பார்ப்போம் என்று அவனுக்குள் ஒன்று சொன்னது. ஒரே தடவை. தெரிந்துவிடும். கை மறுபடியும் கைப்பிடியிலேயே அமர்ந்துகொண்டது. அவன் மட்டும் வலப்பக்கம் ஒதுங்கி இறங்கினான்.

பின்னால் ஜல்லி சரசரத்தது. அப்புறம் இரும்பு தார்ச்சாலையில் உராயும் சத்தம்.

அவன் திரும்பி ஓடியபோது கிங்ஸ்டன் எழுந்து உட்கார்ந்திருந்தான். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்திருந்தது. காயத்தைப் பார்க்காமல் அமலனின் முகத்தைப் பார்த்தான்.

"கை காட்டலையே மாப்ள."

"காத்துல ஹேண்டில விட முடியல அத்தான்."

 கிங்ஸ்டன் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கையைக் கழுவினான். "ஆமா" என்றான் பிறகு. "காத்து."

காலையில் டம்ளர் உடைந்தபோது சொன்ன அதே குரல்தான். அமலன் விழுந்து கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினான். உள்ளே ஒரு மூலையில், கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதி இருந்தது. அந்த நிம்மதி புளியரைத் தேநீர்க் கடை வரைக்கும்கூட வரவில்லை. அங்கே தங்கதுரை கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, சிராய்ப்பில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். "அந்த ஜல்லியில வுளுந்தியளா? நானுந்தாம்ல. ரெண்டு கண்ணும் முழுசாத் தெரியுது, ஆனா காத்து கொண்டு போய்த் தள்ளிட்டு பாத்துக்க" என்றார். கடைக்காரர் மஞ்சள் டப்பாவைக் கிங்ஸ்டன் பக்கம் நகர்த்தினார்.

அப்படியானால் எதுவும் நிரூபணமாகவில்லை. நிரூபணமானது ஒன்றே ஒன்று. அமலன் கை காட்டவில்லை.

ஆலங்குளம் தாண்டி, காற்றாலைகள் வெறிபிடித்துச் சுழல்கிற இடத்தில் நிழலுக்கு ஒதுங்கியிருந்தபோது ஸ்டெபியின் அழைப்பு வந்தது. அமலன் இருவரையும் விட்டுத் தள்ளி, ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்று பேசினான். அத்தான் சின்னதாக வழுக்கிவிட்டார், பெரிதாக ஒன்றுமில்லை என்றான்.

"எந்தப் பக்கமா?"

"என்னக்கா?"

 மறுமுனையில் ஏதோ பாத்திரத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"எந்தக் கையில அடின்னு கேட்டேம்ல."

"எடது கை."

"முன்னால யாரு போனா? நீயா, அவுகளா?"

"நான்தான்."

அவள் மூச்சு விடுவது கேட்டது, அல்லது அது காற்றாக இருக்கலாம். "அம்மாட்ட விழுந்தது ஒண்ணும் சொல்லாண்டாம்" என்றாள். "பாத்துக் கூட்டிட்டு வா." வைத்துவிட்டாள்.

அமலன் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். விழுந்துவிட்டான் என்றால் எல்லோரும் அடி பலமா என்றுதான் கேட்பார்கள். எந்தப் பக்கம் என்று யார் கேட்பார்கள்? அக்காவுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் ஓலை வாசிக்க விட்டாளா? இல்லை, பதற்றத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டாளா? இத்தனை நாள் கிங்ஸ்டன்மேல் மட்டும் இருந்த சந்தேகம் இப்போது வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அவன் மரத்தைச் சுற்றி வந்தபோது கிங்ஸ்டன் சைக்கிளில் சாய்ந்தபடி இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் பேசினார்கள் என்று கேட்கவில்லை.

அதன் பிறகு அமலன் எல்லாவற்றுக்கும் கை காட்டினான். பள்ளத்துக்கும் கல்லுக்கும் மட்டுமில்லை, நசுங்கிய பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் காய்ந்த சாணிக்கும்கூட.  திருநெல்வேலியைக் கடந்தார்கள். வல்லநாட்டில் சாரல் முற்றிலும் நின்று, காற்று மட்டும் சூடாகத் தொடர்ந்தது. சொல்லிவிடலாமா, நேராக அத்தானிடமே கேட்டுவிடலாமா என்று யோசித்தான். கேட்டால் அவனும் பதிலுக்கு ஒன்று கேட்பான். அதற்கு வேறு பொய் அமலனிடம் இல்லை.

தூத்துக்குடிக்கு முன்னால் உள்ள புதுக்கோட்டையில் தங்கதுரை சொந்தக்காரர் வீடு ஒன்றில் தலைகாட்டிவிட்டு வருவதாகப் பிரிந்துகொண்டார். இருவரானார்கள். வெயில் முதுகுக்குப் பின்னால் சாய்ந்துகொண்டிருந்தது. லாரிகள் இடித்துவிடுவதுபோல உரசிக்கொண்டு துறைமுகத்தை நோக்கி விரைந்தன.

அப்போது கிங்ஸ்டன் பின்னாலிருந்து விலகி வெளியே வந்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக அமலனின் இடது பக்கமாக ஏறி, அவனுக்கு இணையாக வந்து சேர்ந்தான். அந்தப் பக்கம் தார் உடைந்து மண்ணும் முள்ளுமாகக் கிடந்தது. தனக்குத் தெரியாத பக்கத்தைப் பள்ளத்துக்குக் கொடுத்துவிட்டு, தெரிகிற பக்கத்தில் அமலனை வைத்துக்கொண்டானா? அல்லது ஓரமாகப் போவதுதான் பத்திரம் என்று நினைத்தானா? அமலன் இடது கையைத் தாழ்த்திக் காட்டப் போனான். காட்டினால் அவன்மேல்தான் இடிக்கும். கையை எடுத்துக்கொண்டான். உடைந்த தாரின் விளிம்பில் கிங்ஸ்டனின் சக்கரம் விழாமல் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்து அசையவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க அந்த முகத்தில் ஒரு கண்தான் தெரிந்தது, வலது கண். காற்றில் நீர் கோத்து மினுங்கியது. அது சாலையைப் பார்க்கிறதா, தன்னைப் பார்க்கிறதா என்று தெரியாமல் அமலன் மிதித்துக்கொண்டே வந்தான்.