கழிவுத் தாளில் கிடைத்த அட்டை

அச்சகத்தில் அவளுக்கு ‘சிக்கனம்’ என்று பெயர். நேரில் வந்தால் மேடம், அந்தப் பக்கம் போனால் சிக்கனம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தால் என்ன, காசு இருக்கிறவன் தங்க எழுத்தில் அடிக்கட்டும். அவளிடம் இருந்தது ஒரு கலர் அடிக்கப் போதுமான பணமும் தம்பி எழுதிய ஒரு நாவலும்தான்.

அந்த நாவலை நம்பித்தான் அவள் பதிப்பகமே தொடங்கினாள். முதல் புத்தகம் அது. தம்பியின் கோழிக் கிறுக்கலை இரண்டு வருடம் உட்கார்ந்து தட்டச்சு செய்து, அழுகிற இடத்தில் அழுது, அறுக்கிற இடத்தில் வெட்டி ஒழுங்காக்கியதும் அவள்தான். அப்பாவைப் பற்றிய கதை. அதற்கு முதலில் அவள் வரைந்த அட்டையில் அப்பாவின் சட்டைப் பை மட்டும் இருந்தது, முன்னட்டையின் இடது ஓரத்தை ஒட்டி, பேனா கசிந்த நீலக் கறையோடு. கறைக்கு மட்டும் தனியாகப் பளபளப்புப் பூச்சு. நாலு கலர், அதற்கு மேல் பூச்சு என்று விலை விசாரித்தபோது அவளுக்குத் தலை சுற்றியது.

“விடுக்கா, அடுத்த பதிப்புல பாத்துக்கலாம். ஃபைலை மட்டும் எனக்கு அனுப்பு, ஆசைக்கு வச்சுக்கிறேன்” என்றான் தம்பி.

பிள்ளைக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு அனுப்பினாள்.

பிறகு ஒரு வாரம் மண்டையைக் குடைந்து வேறொரு வழி கண்டுபிடித்தாள். எந்த அட்டை அடித்தாலும் கலர் சரியாகப் பிடிக்கும்வரை மெஷின்காரர் முதலில் பழைய தாள்களையே ஓட்டிப் பார்ப்பார். ஒரே தாளில் சோப்பு விளம்பரமும் பாடநூல் அட்டையும் மருந்துப் பெட்டியும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். பார்க்க அலங்கோலம். எடைக்குப் போடுகிற சரக்கு. அதன் மேல் முழுக்கக் கறுப்பு அடித்து, நாவலின் பெயரை மட்டும் அடிக்காமல் விட்டால்? எழுத்துக்குள்ளே அத்தனை நிறமும் தெரியும். ஒரு பிரதி போல இன்னொன்று இருக்காது. செலவு ஒரே கலர், தாள் இனாம். அன்றைக்கு அவள் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

“சும்மா சொல்லக் கூடாது மேடம், உங்க மூளையே மூளை” என்று மெஷின்காரரே ஒத்துக்கொண்டு, மூலையில் இருந்த கட்டுகளைக் காட்டினார். “வேணுங்கறதை எடுத்துக்குங்க. மேல இருக்கறது இன்னிக்கு ஓடுற அட்டையோட கழிவு.”

தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். ஏழாவதோ எட்டாவதோ தாளில், ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு மேல், அப்பாவின் சட்டைப் பை இருந்தது.

அவளுடைய பை. அவளுடைய நீலக் கறை. மேலே நாவலின் பெயர், தம்பியின் பெயர், கீழே ஊரறிந்த ஒரு பெரிய பதிப்பகத்தின் முத்திரை. பின்னட்டையில் பொடி எழுத்தில் ‘அட்டை வடிவமைப்பு: ஆசிரியர்.’

“அதுவா? மூவாயிரம் மேடம். உள்தாள்லாம் அடிச்சு முடிச்சாச்சு, அதோ அடுக்கி வச்சிருக்கு” என்றார் மெஷின்காரர். அவருக்கு ஒன்றும் தெரியாது பாவம்.

வாசலுக்கு வந்து தம்பியை அழைத்தாள்.

“அக்கா, நானே சொல்லணும்னுதான் இருந்தேன். அவங்க திடீர்னு கேட்டாங்க. நீ போட்டா எத்தனை பேர் படிப்பாங்க, நீயே சொல்லு. உனக்கும் பெருமைதானே?”

“அட்டை வரைஞ்சதும் நீதான்னு போட்டிருக்கு.”

“அது அவங்க கேட்ட ஃபார்ம்ல அப்படி எழுதிட்டேன். சின்ன விஷயம்கா.”

அவள் போனை வைத்தாள். சின்ன விஷயமாம். கூடப் பிறந்தவன் என்று நம்பினதற்கு நல்ல கூலி. ஊரான் ஏமாற்றியிருந்தால் போலீசுக்குப் போகலாம், வக்கீலிடம் போகலாம், குறைந்தது தம்பியிடம் சொல்லியாவது அழலாம்.

உள்ளே வந்து அந்தத் தாளைக் கிழிக்கத்தான் எடுத்தாள். அப்போதுதான் மடிப்புக் கோடுகள் கண்ணில் பட்டன. புத்தகத்தின் முதுகுக்கு அவள் போட்ட அளவு, மெல்லிய மலிவுத் தாளுக்கென்று அவள் கணக்கிட்ட அதே அளவு, மாறாமல் அப்படியே இருந்தது. ஆனால் அதோ அடுக்கி வைத்திருக்கும் உள்தாள் தடித்தது, உயர்ந்த ரகம். சந்தேகம் தீர ஒரு புத்தகத்துக்கான உள்தாள்களை எடுத்து, அந்த அட்டையை அதன் மேல் சுற்றிப் பார்த்தாள். புத்தகம் இரண்டு மடங்கு பருமனாக இருந்தது. முதுகில் இருக்க வேண்டிய பெயர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. அப்பாவின் பை மடிப்பில் முறிந்து பாதி முதுகுக்குப் போனது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும், நாறட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். பொய் சொல்வானேன், இரண்டு நிமிடம் நினைத்தாள். ஆனால் நாறப்போவது அப்பாவின் சட்டை.

“நிறுத்துங்க. முதுகளவு தப்பு.”

அவள் சுற்றிக் காட்டியதைப் பார்த்து மெஷின்காரர் தலையைச் சொறிந்தார். “தப்புதான். ஆனா நான் நிறுத்த முடியாது மேடம். அந்தப் பதிப்பகமோ எழுதினவரோ சொல்லணும்.”

அங்கேயே நின்று மறுபடி தம்பியை அழைத்தாள்.

“டேய், ஒரு விஷயம். அட்டையோட முதுகு என் தாளுக்குப் போட்ட அளவு. இவங்க தாள் தடிமன். அப்பா பை மடிப்புல போயிடும். உடனே நிறுத்தச் சொல்லு.”

“அக்கா” என்றான், சின்னக் குழந்தைக்குப் புத்தி சொல்கிற குரலில். “உனக்கு வயித்தெரிச்சலா இருக்கும், புரியுது. அதுக்காக என் புத்தகத்தை நிறுத்தப் பாக்காதே. நீ இவ்வளவு கீழ இறங்குவேன்னு நான் நெனைக்கலை.”

அவன் வைத்துவிட்டான்.

“என்ன சொன்னாரு மேடம்? நிறுத்தட்டுமா?”

“வேண்டாமாம்” என்றாள் அவள். “ஓட்டுங்க.”