ஆடாத வளையம்

திருகு கழற்றும் ஆலன் கீ மறுபடியும் வழுக்கியது. ட்ரூடியின் விரல் முட்டி துப்பாக்கியின் இரும்பில் இடித்துத் தோல் உரிந்தது.

"சனியன் பிடிச்ச திருகே!"

சரளைக் குழியின் மண்சுவர்கள் அதை அப்படியே திருப்பிச் சொல்லின. பின்னால் வண்டிக்குள் உட்கார்ந்து ரேடியோவில் கால்பந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் ரஸ், கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினான்.

"என்ன ஆச்சு?"

"கழல மாட்டேங்குது."

"எண்ணெய் விடு. சீக்கிரம், இருட்டப் போவுது."

எண்ணெய் விட்டுப் பார்த்தாகிவிட்டது. பென்சில்வேனியா மலையில் நவம்பர் கடைசி வெயில் ஒரு பேச்சுக்குத்தான் வெயில். குழியின் விளிம்பிலிருந்து அது கீழே வழிந்துகொண்டிருந்தது. நாளைக் காலை மான் வேட்டையின் முதல் நாள். அதற்குள் துப்பாக்கியின் மேலிருக்கும் பழைய வளையங்களைக் கழற்றி எறிந்து, புது எஃகு வளையங்களைப் பூட்டி, அவற்றில் குறிபார்க்கும் ஸ்கோப்பை உட்காரவைத்து, நூறு கெஜத்தில் சுட்டுச் சுட்டுக் குறியை நேராக்கியாக வேண்டும். நாளையும் குறி தவறினால், ரஸ்ஸின் ஹோலப் குடும்பத்தின் வேட்டை கேம்பில் அவளுக்கு இருக்கும் இடம் போய்விடும். பீச் மரத்தடியில் மானுக்குக் காத்திருக்கும் அவள் மேடை, ரஸ்ஸின் அண்ணன் வெர்னனின் மருமகனுக்கு; ட்ரூடிக்கு அடுப்படி. வெர்னன் இதை நேற்று நன்றி நாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே, எல்லார் முன்னாலும் சொன்னான். "பீன்ஸ் பிரமாதமா சமைக்கிறா. அந்தக் கைய ஏன் துப்பாக்கில வீணாக்கணும்?" மேஜையே சிரித்தது. ரஸ்ஸும் சிரித்தான்.

போன வருஷம் வரை அந்த கேம்பில் பெண் எவளும் துப்பாக்கியோடு மேடையேறியதில்லை. ட்ரூடி ஏறினாள். மர அறுவை ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்து வாங்கிய துப்பாக்கி. கடையிலேயே விலை குறைந்தது. தட்டினால் காலி டப்பா மாதிரி ஒலிக்கும் பிளாஸ்டிக் கட்டை, தோட்டாவை ஏற்றும்போது மணல் அரைவது போல நகரும் போல்ட். ஆனால் குழல் நேராக இருந்தது, அது போதும் என்று வாங்கினாள். ஸ்கோப்பையும் வளையங்களையும் அவளே பூட்டினாள், அவளே சுட்டு நேராக்கினாள். முதல் நாள் காலை, எண்பது கெஜத்தில், நரைத்த கழுத்தோடு பெரிய கொம்பு மான் ஒன்று வந்து பக்கவாட்டில் நின்றது. மூச்சை விட்டாள். விசையை அழுத்தினாள். மான் ஒரு துள்ளு துள்ளிச் சரிவுக்குக் கீழே மறைந்தது.

சுட்டவர் நின்ற இடத்தை விட்டு அசையக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். மான் நின்ற இடத்தை அவர் கைகாட்ட வேண்டும். அடுத்த மேடைக்காரர் போய் ரத்தமும் மயிரும் தேடுவார். அடிபட்ட மானைத் தேடாமல் விட்டவனோடு அந்த மலையில் குடிகாரன்கூட ஒரே மேஜையில் உட்கார மாட்டான். அடுத்த மேடையில் ரஸ் இருந்தான். அவன் போனான். அவள் குளிரில் பல் கிடுகிடுக்கக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்து மேலேறி வந்து, "சொட்டு ரத்தம் இல்ல. சுத்தமா மிஸ்," என்றான். பிறகு துப்பாக்கியை அவள் கையிலிருந்து வாங்கி, ஸ்கோப்பைப் பிடித்து அசைத்து, "பாரு, வளையம் ஆடுது. மலிவு சாமான் வேற எப்படி இருக்கும்?" என்றான்.

குறி தவறியவருக்கு கேம்பில் ஒரே தண்டனைதான். சட்டையின் பின்பக்கத் தொங்கலைக் கத்தரித்து, பெயரெழுதி, சுவரில் ஆணியடிப்பார்கள். ரஸ்ஸின் பெயரில் அங்கே ஒரு வரிசையே உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவன் அந்த மலையில் ஒரு மான்கூட அடித்ததில்லை. அன்று ராத்திரி வெர்னன் கத்தரிக்கோலோடு அவள் பின்னால் வந்து நின்று, "தம்பிக்கு ஏத்த பொண்டாட்டிதான்," என்றான். அவளுடைய சிவப்புக் கட்டம் போட்ட துணி ரஸ்ஸின் வரிசையிலேயே ஏறியது. மறுநாள் வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் கழுத்துச் சங்கிலியில். வெட்கத்தில் ஒரு வருஷம் அதைத் திறக்கவே இல்லை.

இந்த வாரம்தான் திறந்தாள். வேட்டைச் சாமான் விற்கும் ஆர்லீனின் கடைக்குத் துப்பாக்கியோடு போனாள். ஆர்லீன் கல்லா மேஜையின் மேல் வளையங்களைப் பரப்பினாள்.

"எஃகா, அலுமினியமா?"

"எஃகு. இந்தத் தடவை ஆடவே கூடாது."

"இந்தக் குட்டையானத வெச்சா போல்ட் கைப்பிடி ஸ்கோப்புல இடிக்கும். ரொம்ப உசரமானத வெச்சா கன்னம் கட்டையில ஒட்டாது, கோழி எட்டிப் பாக்கிற மாதிரி பாக்கணும். நடு உசரம் எடுத்துக்கோ. ஆமா, பழசுக்கு என்ன வந்துச்சு? நான்தானே குடுத்தேன். நல்ல சரக்காச்சே?"

"ஆடுதாம்."

"ஆடுதாமா? யாரு சொன்னா?"

அதற்குள் தோட்டா வாங்க வந்த வெர்னன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "கழுதைக்கு எதுக்கு ஆர்லீன் வெள்ளிச் சேணம்? அந்தத் துப்பாக்கிய வெச்சு அவ தோட்டத்துல தக்காளிச் செடிக்கு முட்டுக் குடுக்கட்டும்." ஆர்லீன் கேட்ட கேள்வி அந்தக் கோபத்தில் அப்படியே அமுங்கிப்போனது.

இப்போது, உரிந்த விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தபோது, அந்தக் கேள்வி எழுந்து வந்தது. யாரு சொன்னா?

ஆடுகிற வளையத்தின் திருகு கழல வேண்டியதுதானே? ஆலையில் தினமும் ரம்பத் தகடு மாற்றுகிறவள் அவள். ஆடும் திருகு கைக்கு எப்படி இருக்கும், பசை போட்டு இறுகிய திருகு எப்படி இருக்கும் என்று இருட்டிலும் சொல்லுவாள். இது இறுகியது. கல்லாக இறுகியது.

கையுறையின் நுனியால் திருகின் தலையை அழுத்தித் துடைத்தாள். ஒரு வருஷத்துத் தூசியும் எண்ணெயும் கறுப்பாக வந்தன. அடியில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. நகப்பூச்சு. திருகிலிருந்து வளையத்துக்கு அவளே இழுத்த மெல்லிய கோடு; திருகு மயிரிழை திரும்பினாலும் அந்தக் கோடு முறிந்துவிடும், பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம் என்று போட்டது. அடுத்த திருகைத் துடைத்தாள். அதற்கடுத்ததை. எல்லாக் கோடுகளும் முறியாமல், நேற்றுப் போட்டது போல இருந்தன.

ஆலன் கீயைத் தூக்கி வண்டியின் பின்பலகையில் எறிந்துவிட்டு, தோட்டாக்களை எடுத்தாள்.

ரஸ் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். "என்ன பண்ற? முதல்ல அதக் கழட்டு. ஆடறத வெச்சு சுட்டு எதுக்குத் தோட்டாவ வீணாக்கற?"

"ஆடுதான்னு பாக்கப் போறேன்."

"நான்தான் பாத்தேனே."

"நான் பாக்கல."

மணல் மூட்டையில் துப்பாக்கியைச் சாய்த்து உட்கார்ந்தாள். ரஸ் கையிலிருந்த காப்பிக் குவளையோடு அங்கேயே நின்றான். அவள் சுட்டாள். போல்ட்டை இழுத்தாள். சுட்டாள். மறுபடி சுட்டாள். சத்தம் குழிக்குள் சுற்றி அடங்குமுன் எழுந்து, நூறு கெஜம் தள்ளி நட்டிருந்த குறி அட்டையை நோக்கி நடந்தாள். கால்கள் தாமாக ஓடின.

மூன்று ஓட்டைகளும் ஒரு பிஸ்கட்டால் மூடிவிடுகிற இடத்துக்குள் இருந்தன. போன வருஷம் அவள் நேராக்கி வைத்த அதே இடத்தில்.

துப்பாக்கி தப்பவில்லை. வளையம் ஆடவில்லை. எண்பது கெஜத்தில், பக்கவாட்டில், நின்ற மான்.

ஒரு வருஷம். இந்த ஒரு வருஷமும் தன் கையை விட அவன் வாயை நம்பியிருக்கிறாள். வெர்னன் கத்தரித்தபோது அசையாமல் நின்றிருக்கிறாள். நேற்று தலையைக் குனிந்து பீன்ஸ் பரிமாறியிருக்கிறாள். அட்டையைப் பிய்த்தெடுத்துக்கொண்டு திரும்பினாள். ரஸ் ரேடியோவை அணைத்திருந்தான். அவள் நேராகத் துப்பாக்கியிடம் போனாள். போல்ட்டை உருவி எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இனி வரப்போகும் பேச்சுக்குச் சுடக்கூடிய துப்பாக்கி பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அவளுக்கே தோன்றியது.

அட்டையை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள்.

"பாரு."

அவன் பார்க்கவில்லை. "நல்லாத்தான் சுட்டிருக்க."

"அன்னைக்கும் நல்லாத்தான் சுட்டேன். ரத்தம் இருந்துச்சா?"

"ட்ரூடி, கேம்புல எல்லாரும் சாப்பாட்டுக்குக் காத்துட்டு..."

"ரத்தம் இருந்துச்சான்னு கேட்டேன்!"

குழி அதையும் திருப்பிச் சொன்னது. ரஸ் குவளையைப் பின்பலகையில் வைத்தான். காப்பி தளும்பிச் சிந்தியது.

"இருந்துச்சு," என்றான்.

"எவ்வளவு?"

"நிறைய. பனி மேல... நிறைய. காலால மூடிட்டேன்."

அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு வசதியாகப் போயிருக்கும் என்று தோன்றியது. "ஏன்?"

"ஏன்னா என்னத்தச் சொல்ல? நீ வந்த முதல் வருஷம். முதல் நாள். முதல் தோட்டா. அவ்வளவு பெரிய கொம்பு எங்கப்பா காலத்துலகூட அந்த கேம்புக்கு வந்ததில்ல. வெர்ன் விடுவானா? சாகற வரைக்கும் சொல்லிக் காமிப்பான். 'பொண்டாட்டி அடிச்சா, நீ போய்த் தோல உரி'ன்னு. அவன் வாய் உனக்குக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும். எனக்குப் பொறந்ததுலேருந்து தெரியும்."

"அதனால என் சட்டைய வெட்டக் குடுத்த."

"ஒரு துணிதானே ட்ரூடி..."

"இன்னொரு தடவ அப்படிச் சொல்லாத." அவள் குரல் தாழ்ந்திருந்தது, தாழ்ந்ததால்தான் அவன் ஓரடி பின்வாங்கினான். "எதுவரைக்கும் போன?"

"ஓடை வரைக்கும். ஹெம்லாக் மரத்தடியில படுத்திருந்துச்சு."

"செத்துக் கிடந்துச்சுன்னு சொல்லு."

அவன் பின்பலகையில் சிந்திய காப்பியைச் சட்டைக் கையால் துடைக்க ஆரம்பித்தான்.

"ரஸ். கீழேயிருந்து எனக்கு ஒரு வெடிச் சத்தமும் கேக்கல. நீ போனப்ப அது செத்துக் கிடந்துச்சுதானே?"

குழியின் விளிம்பில் மிச்சமிருந்த வெயிலும் போய்விட்டது. ரஸ் தன் வெறுங்கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"சுட்டா உனக்குக் கேட்டிருக்கும்னுதான் சுடல. தலையத் தூக்கிக்கிட்டு, ட்ரூடி... காதக்கூட என் பக்கமா திருப்பி வெச்சுக்கிட்டு... நான் மேலேறி வர்ற வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."